'டோல்ட் டு மீ' ஏன் தவறு? ஸே, டெல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். கடை வைத்திருப்பவர்கள், நர்ஸ்கள், இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். யார் வந்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு தமிழ்ச் சொல் வந்து வழிமறிக்கும். அது 'சொல்'. அதை ஒட்டி வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். இங்கிலீஷ் வாக்கியங்களை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். இந்தத் தவறு இருப்பது நாக்கில், திருத்தமும் அங்கேதான் நடக்க வேண்டும்.

தமிழில் 'சொல்' ஒன்றுதான். இங்கிலீஷில் ஏன் ஸே, டெல் என்று இரண்டு?

ஸே என்பதற்கு முக்கியம், வாயிலிருந்து வந்த வார்த்தை. டெல் என்பதற்கு முக்கியம், அதைக் கேட்டுக்கொண்ட ஆள். 'ஷி ஸெட் ஷி வாஸ் டயர்ட்' என்றால் களைப்பாக இருப்பதாக அவள் சொன்னாள், அவ்வளவுதான். யாரிடம் சொன்னாள் என்ற பேச்சே இல்லை. 'ஷி டோல்ட் மீ ஷி வாஸ் டயர்ட்' என்றால் என்னிடம் சொன்னாள். ஸே கேட்பவர் இல்லாமலும் நிற்கும். டெல் பெரும்பாலும் நிற்காது.

ஒரே செயலை இப்படிப் பிரித்துப் பார்ப்பது நமக்கும் பழக்கமானதுதான். ஈ, தா, கொடு மூன்றும் ஒரே செயலைக் குறித்தாலும், தாழ்ந்தவர் கேட்டால் ஈ, சமமானவர் கேட்டால் தா, உயர்ந்தவர் கேட்டால் கொடு என்று தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. ஆளைப் பார்த்து வினையைத் தேர்ந்தெடுக்கிற பழக்கம் நம் மொழிக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆகவே பயப்பட ஒன்றும் இல்லை.

'ஹி டோல்ட் டு மீ' என்றால் எல்லோருக்கும் புரிகிறதே, அதில் என்ன தவறு?

புரியும். ஆனாலும் தவறுதான். ஏன் தவறு என்று தெரிந்துகொண்டால் பத்து விதியை மனப்பாடம் செய்கிற வேலை மிச்சம். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

'ரவி மாலாவிடம் விஷயத்தைச் சொன்னான்.' இதை 'மாலாவிடம் ரவி விஷயத்தைச் சொன்னான்' என்று மாற்றலாம். 'விஷயத்தை மாலாவிடம் ரவி சொன்னான்' என்றும் மாற்றலாம். அழுத்தம் கொஞ்சம் இடம் மாறும், பொருள் மாறாது. காரணம், 'இடம்' என்ற உருபு மாலாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவளை வாக்கியத்தில் எங்கே வைத்தாலும் கேட்டவள் அவள்தான் என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கிலீஷில் பெயரோடு ஒட்டிவரும் அப்படி ஒரு உருபு இல்லை. 'ரவி டோல்ட் மாலா' என்றால் சொன்னவன் ரவி. 'மாலா டோல்ட் ரவி' என்று மாற்றினால் சொன்னவள் மாலா. யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை வைத்தே பொருள் முடிவாகிறது. டெல்லுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது கேட்டவருடைய நாற்காலி. அதில் உட்கார்ந்தாலே அவர்தான் கேட்டவர் என்று ஆகிவிடும். நம் 'இடம்', 'கு' செய்கிற வேலையை அந்த நாற்காலியே செய்துவிடுகிறது. அதற்கு மேல் டு போட்டால் ஒரு வேலைக்கு இரண்டு ஆள் வைத்த மாதிரி.

நாம் ஏன் டு போடுகிறோம்? 'எனக்குச் சொன்னான்' என்பதில் உள்ள 'கு' நம் மனதில் இருக்கிறது. அதற்கு இணையாக ஏதாவது வைக்காவிட்டால் வாக்கியம் குறையாக நிற்பது போலத் தோன்றுகிறது. வகுப்பில் ஒருவர் 'டு இல்லாமல் சொன்னால் மரியாதை இல்லாத மாதிரி இருக்கிறது' என்றார். நன்றாகக் கவனித்திருக்கிறார். உருபு இல்லாத சொல் நம் காதுக்கு மொட்டையாகத்தான் கேட்கும். அந்த மொட்டைத்தனத்துக்குக் காதைப் பழக்குவதுதான் இங்கே செய்ய வேண்டிய வேலை.

உச்சரிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. வல்லின மெய்யில் முடிகிற சொல்லுக்கு நாம் தானாகவே ஓர் உகரம் சேர்த்துவிடுவோம். டோல்ட் என்பது 'டோல்டு' ஆகிவிடும். 'டோல்டு மீ' என்பது கேட்பவர் காதில் 'டோல்ட் டு மீ' போலவே விழும். சிலர் மனதில் சரியான வாக்கியத்தை வைத்திருந்தும் வாயில் தவறு வந்துவிடுவது இதனால்தான். கடைசி உகரத்தை விழுங்கிவிட்டு 'டோல்ட்மீ' என்று ஒரே சொல்லாகச் சொல்லிப் பாருங்கள்.

அப்படியானால் டெல்லுக்குப் பிறகு டு வரவே வராதா?

வரும். 'டெல் தி சில்ட்ரன் எ ஸ்டோரி' என்பதில் பிள்ளைகள் நாற்காலியில் இருக்கிறார்கள், டு இல்லை. 'டெல் தி ஸ்டோரி டு தி சில்ட்ரன்' என்றால் கதை முதலில் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் தள்ளிப் போய்விட்டார்கள், அவர்களை இணைக்க டு வேண்டும். கிவ், ஸெண்ட், ஷோ மூன்றும் இதே போலத்தான். 'கிவ் மீ தி புக்', 'கிவ் தி புக் டு மீ'. 'கிவ் டு மீ தி புக்' என்று நாம் சொல்வதில்லை. கிவ்வில் சரியாகப் பேசுகிற நாக்கு டெல்லிலும் பேசும்.

ஸே என்பதற்கு என்ன விதி?

தலைகீழ். கேட்டவரைச் சேர்க்க வேண்டுமானால் டு கட்டாயம். 'ஹி ஸெட் மீ' தவறு. 'வாட் டிட் ஹி ஸே டு யூ?' சரி. 'ஹி ஸெட் டு மீ தட் ஹி வாஸ் லீவிங்' என்பதிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் பேச்சில் கொஞ்சம் கனமாக இருக்கும். அந்த இடத்தில் 'ஹி டோல்ட் மீ ஹி வாஸ் லீவிங்' என்பதே இயல்பு.

பள்ளியில் 'ஸெட் டு' வந்தால் 'டோல்ட்' என்று மாற்றச் சொன்னார்களே?

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியில் வருவது. விதி சரிதான். 'ஸெட் டு' என்ற இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் டோல்ட் மட்டும் வர வேண்டும். பரீட்சை அவசரத்தில் பலர் ஸெட்டை மட்டும் மாற்றிவிட்டு டுவை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போது ஒட்டிக்கொண்ட 'டோல்ட் டு' வேலைக்குப் போன பிறகும் விடுவதில்லை. காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் இத்தனை பேர் கஷ்டப்பட வேண்டியதில்லை என்பது என் வருத்தம்.

'ஹூ டோல்ட்?' என்று கேட்கலாமா?

'யார் சொன்னது?' என்பதை அப்படியே மாற்றியது இது. நாற்காலி காலியாக இருக்கிறது, அதனால் வாக்கியம் பாதியில் நிற்கிறது. 'ஹூ டோல்ட் யூ?' என்று கேளுங்கள், அல்லது 'ஹூ ஸெட் தட்?' என்று கேளுங்கள். முதலாவது 'உங்களுக்கு யார் சொன்னது', இரண்டாவது 'அப்படி யார் சொன்னது'.

'நான்தான் அப்பவே சொன்னேன்ல' என்பதை 'ஐ டோல்ட், நோ?' என்பார்கள். 'ஐ டோல்ட் யூ' வேண்டும். 'ஐ டோல்ட் யூ ஸோ' என்றும் உண்டு, ஆனால் அதில் குத்திக்காட்டுகிற தொனி இருக்கிறது. மேலதிகாரியிடம் வேண்டாம்.

'ஹி டோல்ட் தட் ஹி வில் கம்' என்பதும் இதே குறைதான். கேட்டவரைச் சொல்ல விருப்பம் இல்லையென்றால் ஸெட் போட்டுவிடுங்கள்.

ஆனால் 'டெல் தி ட்ரூத்' என்பதில் கேட்பவர் இல்லையே?

இல்லை. உண்மை, பொய், கதை, ஜோக், ரகசியம், ஜோசியம் எல்லாம் டெல்லோடு போகும், கேட்பவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 'டெல் எ லை', 'டெல் எ ஜோக்', 'டெல் ஃபார்ச்சூன்ஸ்'. இவற்றை மட்டும் பழகிவிட வேண்டும், குறுக்குவழி இல்லை.

'டெல் தேங்க்ஸ் டு ஹிம்', 'டெல் ஸாரி' சரியா?

தவறு. தேங்க்ஸ், ஸாரி, ஹாய், குட்பை, நோ எல்லாம் வாயிலிருந்து வரும் வார்த்தைகளேதான். வார்த்தை என்றால் ஸே. 'ஸே தேங்க்ஸ் டு ஹிம்', 'ஸே ஸாரி', 'ஸே ஹாய் டு யுவர் மதர்'. பிரார்த்தனையும் ஸேதான். மந்திரம் போல வார்த்தை மாறாமல் உச்சரிப்பது எதுவும் ஸே பக்கம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'வரச் சொல்லு' என்பதை எப்படிச் சொல்வது?

'டெல் ஹிம் டு கம்.' இங்கே டு வருகிறது, ஆனால் அது கம் என்ற வினைக்கு உரியது, ஹிம்முக்கு உரியது அல்ல. 'டெல் டு ஹிம் டு கம்' என்று இரண்டு டு போடாதீர்கள். 'ஹி ஸெட் மீ டு கம்' என்பதும் கூடாது. 'தி டாக்டர் ஸெட் டு டேக் இட் ஆஃப்டர் ஃபுட்' என்று பேச்சில் சொல்வார்கள், அதில் கேட்டவர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

'வராதேன்னு சொல்லு' என்பது இன்னும் சிக்கல். தமிழில் 'என்று' இருக்கிறது. யார் என்ன பேசினாலும் அதை அப்படியே உள்ளே வைத்து 'என்று' போட்டு மூடிவிடலாம். அந்தப் பழக்கத்தில் 'டெல் ஹிம் டோண்ட் கம்' என்கிறோம். 'டெல் ஹிம் நாட் டு கம்' என்பதே சரி. 'உன் பேர் என்னன்னு சொல்லு' என்பதிலும் இதேதான் நடக்கிறது. 'டெல் மீ வாட் இஸ் யுவர் நேம்' என்று கேள்வியைக் கேள்வியாகவே உள்ளே வைக்கிறோம். இங்கிலீஷ் அதைக் கேள்வி வரிசையில் விடாது. 'டெல் மீ வாட் யுவர் நேம் இஸ்', 'டெல் மீ வேர் யூ ஆர் கோயிங்'. 'என்று' அளவுக்கு வசதியான ஒரு சொல் இங்கிலீஷில் இல்லை, இதை நான் பெருமையாகவே வகுப்பில் சொல்வேன்.

இன்னொன்று, மரியாதை. 'டாக்டரை வரச் சொல்லுங்க' என்பதில் எந்த அதட்டலும் இல்லை. 'டெல் தி டாக்டர் டு கம்' என்பதில் கட்டளை தொனிக்கும். அங்கே ஆஸ்க் போடுங்கள். 'குட் யூ ஆஸ்க் தி டாக்டர் டு கம்?' ஆஸ்க் என்றால் கேள்வி கேட்பது மட்டும்தான் என்று நினைத்திருக்கிறோம். பணிவாகச் செய்யச் சொல்வதும் அதே சொல்தான். 'ங்க' போட்டு நாம் காட்டும் மரியாதையில் ஒரு பங்கை அவர்கள் இப்படி வினையை மாற்றிக் காட்டுகிறார்கள்.

போனை எடுத்து 'டெல் மீ' என்று சொன்னால் வெளிநாட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். ஏன்?

'சொல்லுங்க' என்பது நம்மிடம் எவ்வளவு அன்பான சொல்! காது கொடுக்கத் தயார் என்று அர்த்தம். வெறும் 'டெல் மீ'யில் அந்த அன்பு கடந்து போவதில்லை. பழக்கமில்லாதவருக்கு 'என்ன விஷயம், சீக்கிரம் சொல்' என்று கேட்கக்கூடும். 'ஹலோ, ஹௌ கேன் ஐ ஹெல்ப்?' என்று சொல்லலாம். பேச்சின் நடுவில் 'ம், சொல்லுங்க' என்று ஊக்கப்படுத்த 'யெஸ், கோ அஹெட்' பொருத்தம்.

'சொல்' வரும் எல்லா இடத்திலும் ஸே அல்லது டெல் போட்டுவிடலாமா?

கூடாது. நம் 'சொல்' பல வேலை செய்யும் சொல். 'ரெண்டு டீ சொல்லு' என்றால் ஆர்டர் கொடுப்பது. 'கல்யாணத்துக்கு எங்களுக்குச் சொல்லவே இல்லை' என்றால் அழைக்கவில்லை. அந்த மனத்தாங்கலை 'தே டிட்னாட் டெல் அஸ்' என்று சொன்னால் தகவல் தரவில்லை என்று மட்டுமே புரியும், இன்வைட் என்ற சொல் வந்தால்தான் காயம் புரியும். 'கணக்குச் சொல்லிக்கொடுத்தார்' என்றால் டீச். 'அவரை ராஜு என்று சொல்வார்கள்' என்றால் கால், 'தே கால் ஹிம் ராஜு', நடுவில் ஆஸ் கூட வேண்டாம். 'லீவு சொல்லியிருக்கேன்' என்றால் 'ஐ ஹேவ் ஆஸ்க்ட் ஃபார் லீவ்'. 'சொல்லிட்டுக் கிளம்பு' என்றால் 'ஸே குட்பை பிஃபோர் யூ கோ', அதை 'டெல் அண்ட் கோ' என்றால் யாருக்கும் விளங்காது.

'இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்றது?' என்பதற்கு 'ஹௌ டு யூ ஸே திஸ் இன் இங்கிலீஷ்?' வார்த்தையைத்தானே கேட்கிறீர்கள், அதனால் ஸே. ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேட்டால் 'வாட் டு யூ கால் திஸ்?'

பேப்பரில் போட்டிருப்பதற்கு எந்தச் சொல்?

ஸே. 'தி பேப்பர் ஸெஸ் தேர் வில் பி ரெயின்.' போர்டு, கடிதம், மருந்துச் சீட்டு எல்லாம் இங்கிலீஷில் பேசும். கடிகாரம்கூட, 'மை வாட்ச் ஸெஸ் ஃபைவ்'. தமிழில் கடிகாரம் காட்டும், பேப்பரில் போட்டிருக்கும், நோட்டீஸில் எழுதியிருக்கும். அதனால் நமக்கு ஸே வாயில் வருவதே இல்லை. 'இட் இஸ் புட் இன் தி பேப்பர்' என்று போய்விடுகிறோம்.

'ஐ கான்ட் டெல்' என்றால் சொல்ல முடியாது என்று அர்த்தமா?

சில சமயம் அப்படி. பெரும்பாலும் 'கண்டுபிடிக்க முடியவில்லை'. 'தே ஆர் ட்வின்ஸ், ஐ கான்ட் டெல் தெம் அபார்ட்' என்றால் இரட்டையரில் யார் எவர் என்று தெரியவில்லை. 'ஐ குட் டெல் ஹி வாஸ் ஆங்ரி' என்றால் அவர் கோபமாக இருந்ததை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டார்கள். 'டெல் தி டைம்' என்பது கடிகாரம் பார்க்கத் தெரிவது.

பழைய இங்கிலீஷில் இந்தச் சொல்லுக்கு எண்ணுவது என்ற பொருளும் இருந்தது. பேங்கில் பணம் எண்ணித் தருபவர் டெல்லர் ஆனது அதனால்தான். 'ஆல் டோல்ட்' என்றால் மொத்தமாக எண்ணிப் பார்த்தால் என்று பொருள். ஜெர்மனில் இன்றும் எண்ணுவதற்கு ட்ஸேலன், கதை சொல்வதற்கு எர்ட்ஸேலன். நம்மிடம் 'எண்ணு' இருக்கிறது. அது ரூபாயையும் எண்ணும், மனதிலும் எண்ணும். கணக்கும் கருத்தும் ஒரே சொல்லில் வந்து சேர்வது இரண்டு மொழியிலும் நடந்திருக்கிறது. இதை வகுப்பில் சொன்ன அன்று டெல்லின் 'தெரிந்துகொள்' என்ற பொருள் யாருக்கும் மறக்கவில்லை.

'ஐ வாஸ் டோல்ட்' என்று எப்போது சொல்வது?

யார் சொன்னார் என்பது தெரியாதபோது, அல்லது சொல்ல விரும்பாதபோது. 'பத்து மணிக்கு வரச் சொன்னாங்க' என்போமே, அந்த 'சொன்னாங்க' எந்த ஒரு ஆளையும் குறிப்பதில்லை. அதற்குச் சரியான ஜோடி 'ஐ வாஸ் டோல்ட் டு கம் அட் டென்'. அரசு அலுவலகத்திலோ ஆஸ்பத்திரி கவுண்டரிலோ மிகவும் உதவும் வாக்கியம் இது. ஊரார் பேச்சாக இருந்தால் ஸே, 'இட் இஸ் ஸெட் தட்...', அதாவது 'என்று சொல்வார்கள்'.

அபௌட் எங்கே வரும்?

'டெல் மீ அபௌட் யுவர்ஸெல்ஃப்.' முதலில் ஆள், அப்புறம் அபௌட், அப்புறம் விஷயம். 'டெல் அபௌட் யுவர்ஸெல்ஃப் டு மீ' என்று புரட்டாதீர்கள். ஸேயோடு வருவதென்றால் நடுவில் ஏதாவது வேண்டும், 'டிட் ஹி ஸே எனிதிங் அபௌட் மீ?' என்பதுபோல. டிஸ்கஸ் என்பதற்கு அபௌட் வேண்டாம்.

எக்ஸ்ப்ளெய்ன், இன்ஃபார்ம் எல்லாம் எந்தப் பக்கம்?

எக்ஸ்ப்ளெய்ன், ஸஜஸ்ட், டிஸ்க்ரைப், மென்ஷன் எல்லாம் ஸே பக்கம். 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' தவறு, 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' சரி. இன்ஃபார்ம், ரிமைண்ட், அட்வைஸ், கன்வின்ஸ் எல்லாம் டெல் பக்கம். 'இன்ஃபார்ம் டு ஹிம்' வேண்டாம், 'இன்ஃபார்ம் ஹிம்' போதும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம், டு வேண்டிய எக்ஸ்ப்ளெய்னில் விட்டுவிட்டு, வேண்டாத இன்ஃபார்மில் போடுகிறோம். ஆபீஸ் மெயில்களில் திருத்தச் சொல்லி என்னிடம் வருவதில் இதுதான் அதிகம்.

ஸெய்ட், ஸேஸ் என்று உச்சரிக்கலாமா?

எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 'ஸெட்', 'ஸெஸ்' என்று குறிலாகவே ஒலிக்க வேண்டும். ஸெஸ்ஸின் கடைசி ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. தேனீ ரீங்கரிப்பது போலத் தொண்டை அதிர வேண்டும்.

இதைப் பழக்கத்தில் கொண்டுவர எவ்வளவு நாள் ஆகும்?

ஆளுக்கு ஆள் மாறும். என்னிடம் வருபவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான். ராத்திரி படுக்கும் முன், அன்றைக்கு உங்களிடம் பிறர் சொன்ன மூன்று விஷயங்களை டோல்ட் மீ என்று தொடங்கி வாய்விட்டுச் சொல்லுங்கள். 'மை டாட்டர் டோல்ட் மீ ஷி ஹேட் எ டெஸ்ட்.' 'தி ஷாப்கீப்பர் டோல்ட் மீ டு கம் டுமாரோ.' 'மை மதர் டோல்ட் மீ நாட் டு வொர்ரி.' அப்புறம் அதே மூன்றையும் ஸெட் வைத்து, கேட்டவரை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள். நடுவில் டு எட்டிப் பார்த்தால் நிறுத்தி, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். நோட்டில் எழுதத் தேவையில்லை. வீட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, சொல்வதற்கு ஓர் ஆள் கிடைத்துவிடுவார்.